சூடானதும் நின்றுபோகும் கப் கேடட் 122: எஞ்சினையே மாற்றிவிட வேண்டுமா?

மலையடிவாரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு பென்சில்வேனியாவில், ஊரை விட்டுத் தள்ளி ஒன்றரை ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். விற்றவர்கள் கொட்டகையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு வண்டியை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் செய்த கப் கேடட் 122 தோட்ட டிராக்டர் அது. 12 குதிரைத்திறன் கொண்ட கோஹ்லர் கே-301 எஞ்சினும், மூன்று முன் கியர்களும், வயிற்றுக்கடியில் புல் வெட்டும் டெக்கும் இருக்கின்றன. பனி தள்ளும் கருவி ஒன்று கொட்டகையின் மூலையில் தனியாகக் கிடக்கிறது. விசாரித்த வரையில் 1966-ஐ ஒட்டிய வண்டி என்று தெரிகிறது.

காலையில் சாவியைத் திருப்பியவுடன் அருமையாகக் கிளம்புகிறது. இருபது நிமிடம் குறையே சொல்ல முடியாதபடி புல் வெட்டுகிறது. அதன் பிறகு இழுவை மெல்லக் குறைந்து, சைலன்சரில் பொட்டுப் பொட்டென்று சத்தம் வந்து, யாரோ சாவியை அணைத்ததுபோல நின்றுவிடுகிறது. உடனே கிளப்பினால் எஞ்சின் சுழல்கிறதே தவிரப் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் கிளம்புகிறது. இது தவிர, ஓடும்போது அம்மீட்டர் முள் எப்போதும் பேட்டரி இறங்குவதைக் காட்டும் பக்கமே சாய்ந்து நிற்கிறது; டெக்கில் ஓர் உறுமலும் கேட்கிறது.

நான் மெக்கானிக் அல்ல. கல்லூரிக் காலத்தில் திருச்சியில் வைத்திருந்த பழைய புல்லட்டில், பிளக்குக்குப் பொறி வரவைக்கத் திறந்து மூடும் பாயிண்டைத் தேய்த்துவிட்டதும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதும்தான் என் அனுபவம். இங்கே புதிய பிளக் போட்டேன், ஆயில் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பேட்டரியும் புதிது. பலன் இல்லை. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் காட்டியபோது, "இந்த எஞ்சின் முடிந்துவிட்டது, மலிவான புது எஞ்சின் ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று வண்டியைக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியா, அல்லது நான் பார்க்காமல் விட்ட இடம் ஏதேனும் உண்டா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய இரும்பு (மறுமொழி):

எஞ்சினை மாற்றாதீர்கள். குளிர்ந்த நிலையில் ஒரே திருப்பில் கிளம்பி இருபது நிமிடம் பாரம் இழுக்கும் எஞ்சினை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

மாற்றுவதில் உள்ள சிக்கலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் எஞ்சின் சாதாரணமாக உட்கார்ந்திருக்கவில்லை. ஃபிளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம், உங்கள் முழங்கால் பக்கம் பார்த்திருக்கிறது. அதிலிருந்துதான் கிளட்சும், அதன் வழியாக நீளமான டிரைவ் ஷாஃப்டும் பின்பக்கக் கியர்ப் பெட்டிக்குப் போகின்றன. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் மறுமுனை வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது; டெக்கையும் பனிக் கருவியையும் ஓட்டும் முன் கிளட்ச் அங்கே இருக்கிறது. இரண்டு முனையிலும் வேலை எடுக்கும் எஞ்சினுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் ஒன்றைப் பூட்ட வேண்டுமானால் லேத்திலும் வெல்டிங்கிலும் நீங்கள் செலவழிக்கும் பணம், இருக்கும் எஞ்சினைத் திறந்து சரிசெய்வதைவிட அதிகமாகிவிடும். 1961-இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில், ஃபார்மால் கப் என்ற சிறிய உழவு டிராக்டர் உருவான அதே கூரையின் கீழ் முதல் கப் கேடட் வந்தது. பின்பக்கக் கியர்ப் பெட்டியும் அந்த உழவு டிராக்டரின் வம்சம்தான். வார்ப்பிரும்பு பிளாக்கோடு கூடிய இந்த எஞ்சினும் அந்தக் கியர்ப் பெட்டியும் ஒன்றுக்கொன்று ஈடானவை.

இனி உங்கள் நோய்க்கு வருவோம். சூட்டில் நிற்பதற்கு நான்கு காரணங்கள் வழக்கமாக இருக்கும்: பெட்ரோல் வராமல் போவது, கரன்ட் போவது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏற்படும் அழுத்தம்) போவது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது. இவற்றில் எது என்பதை அது நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆகவே பிளக் ஸ்பேனரையும் ஒரு பழைய பிளக்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புல் வெட்டப் போங்கள்.

இழுவை குறையத் தொடங்கும்போதே சோக்கைப் பாதியளவு இழுத்துப் பாருங்கள். எஞ்சின் தெளிந்து ஓடினால் பெட்ரோல் பற்றவில்லை என்று பொருள். இதில் பெட்ரோல் பம்பு கிடையாது. தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிறது. தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, சரியாக உங்கள் வண்டியைப் போலவே இருபது நிமிடத்தில் பெட்ரோல் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் உங்கள் செலவு ஒரு மூடியோடு முடிந்தது. தொட்டிக்கு அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்து வலையையும் பார்த்துவிடுங்கள்.

சோக்கில் மாற்றம் இல்லையென்றால், நின்றவுடன் பழைய பிளக்கை ஒயரில் மாட்டி எஞ்சின் உடம்பில் வைத்துச் சுழற்றிக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். நீலமாக, படபடவென்று வர வேண்டும். மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் கண்டன்சரை முதலிலும் காயிலை அடுத்தும் சந்தேகப்படுங்கள். காயில் மாற்றும் நிலை வந்தால், தனி ரெசிஸ்டர் தேவைப்படாத 12 வோல்ட் காயிலாகக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகையைப் போட்டால் காயில் கொதித்து, பாயிண்டும் கருகிப்போகும்.

பெட்ரோலும் கரன்டும் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன்தான். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில், இந்த எஞ்சினில் கிளப்பும்போது மட்டும் எக்சாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் அமைப்பு இருப்பதால், சாதாரண அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் நல்ல எஞ்சினும் செத்ததாகத் தோன்றும். சாவியை அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் பின்னோக்கிச் சுழற்றுங்கள், ஓரிடத்தில் வெடுக்கென்று எதிர்த்துத் திரும்பித் தள்ளினால் கம்ப்ரஷன் நலம். சூட்டில் அந்த எதிர்ப்பு மறைந்து, ஆறியதும் திரும்பி வந்தால் வால்வு இடைவெளியைப் பாருங்கள்.

சைலன்சரில் பொட்டுப் பொட்டென்ற சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனம் அங்கேதான் போகிறது. வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும் ஆண்டுக்கணக்கில் தேயத் தேய, வால்வு கீழே இறங்கி, அதன் தண்டுக்கும் அதை மேலே தள்ளும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்குகிறது. சூட்டில் தண்டு நீளும்போது அந்த மிச்ச இடைவெளியும் தீர்ந்து, எக்சாஸ்ட் வால்வு முழுமையாக மூடாமல் நின்றுவிடும். ஆறினால் மூடிக்கொள்ளும். கே-301-க்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக் வால்வுக்கு 0.008 முதல் 0.010 அங்குலமும் எக்சாஸ்ட் வால்வுக்கு 0.017 முதல் 0.019 அங்குலமும் இடைவெளி இருக்க வேண்டும். 7, 8 குதிரைத்திறன் எஞ்சின்களில் வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும். உங்களுடையதில் டேப்பெட்டிலேயே திருகு இருப்பதால் மெல்லிய ஸ்பேனர்கள் இரண்டு போதும். கார்புரேட்டரைக் கழற்றினால் பின்னால் தெரியும் பிரீதர் மூடிக்குள் (எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் மூடி) வேலை. அந்த மூடியில் தகடுகள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். மாற்றி அடுக்கினால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எல்லாச் சீல் வழியாகவும் ஆயில் கசியும்.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரக் கூட்டை முழுவதும் கழற்றிப் பாருங்கள். கொட்டகையில் கிடந்த வண்டி என்கிறீர்கள். எலிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

வன்னிமண் (மறுமொழி):

வணக்கம். நான் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 123. அதாவது 1966-இல் ஹைட்ரோஸ்டாற்றிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) கியர்ப் பெட்டியோடு வந்த முதல் கப் கேடட். எஞ்சின் பற்றி மேலே எழுதியவர் விரிவாகச் சொல்லிவிட்டதால், மின்னேற்றம் பற்றியும் பனிக் கருவி பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் ஸ்ராட்டரும் டைனமோவும் ஒரே உருளைதான். பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பியதும், அதே பெல்ட்டால் அது சுழற்றப்பட்டு மின்னேற்றத் தொடங்கும். ஆகவே நன்றாகக் கிளப்புகிறது என்பதனால் அது நன்றாக மின்னேற்றும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் பெல்ட் தொய்வையும் பிரஷ் தேய்வையும் பாருங்கள். பிறகு டைனமோவில் 'எஃப்' என்று குறித்த முனையிலிருந்து, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் ஒயரைக் கழற்றி, அந்த முனையை ஒரு துண்டு ஒயரால் வண்டியின் இரும்போடு இணைத்து, எஞ்சினை நடுத்தர வேகத்தில் சில வினாடிகள் மட்டும் ஓட்டுங்கள். அம்மீட்டர் முள் ஏற்றத்தின் பக்கம் பாய்ந்தால் டைனமோ நல்லது, குறை ரெகுலேற்றரில் அல்லது அதன் இணைப்பில். பாயாவிட்டால் டைனமோவையே திறக்க வேண்டும். ரெகுலேற்றரைக் காசு கொடுத்து வாங்கும் முன் அது பூட்டப்பட்டிருக்கும் இடத்தில் பெயின்றையும் துருவையும் சுரண்டிவிடுங்கள். அதன் உடம்பு வண்டியின் இரும்பைத் தொடாவிட்டால் அது வேலை செய்யாது. புதிய பற்றரி மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒயர்களைக் கழற்றிப் பூட்டிய பிறகு டைனமோவுக்குத் துருவத்தை நினைவூட்ட வேண்டும். எஞ்சின் ஓடாதபோது, ரெகுலேற்றரில் பற்றரி முனையையும் டைனமோ முனையையும் ஒரு ஒயரால் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி பறக்கும், பயப்பட வேண்டாம்.

இதை இங்கே வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பிளக்குக்குக் கரன்ட் பற்றரியிலிருந்துதான் வருகிறது. மின்னேற்றம் இல்லாமல் ஓடும் வண்டியில் பற்றரி இறங்க இறங்கப் பொறியும் நலியும். எனவே வால்வைத் தொடும் முன் இதைச் சரிசெய்யுங்கள் என்பேன். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டிக்கொள்வதும் நல்ல யோசனை. நான் என் வண்டியில் பூட்டி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

பாயிண்ட் மீது எனக்கு வெறுப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். அப்போது பாயிண்டையும் பிளக்கையும் கழற்றித் துடைக்காத வாரம் கிடையாது. அந்த வேலை இனிப் போதும் என்றுதான் மாற்றினேன்.

பனிக் கருவியை இப்போதே, கோடையிலேயே எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கும் செயின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றி ஆயிலில் ஊறவைத்தால் தப்பலாம், கண்ணிகள் வளையாவிட்டால் மாற்றிவிடுங்கள். பின் ரயர்களுக்குள் பாரத்துக்காகக் கல்சியம் குளோரைட் கரைசல் ஊற்றியிருந்தால், வால்வு அருகே ரிம் துருத் தின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் நெம்புகோலைச் சுற்றியுள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் நேரே கியர்ப் பெட்டிக்குள் இறங்கும். அடித் திருகைத் தளர்த்தி வரும் எண்ணெய் பாலைப் போலிருந்தால், முழுவதையும் வடித்துவிட்டு ஹை-டிரான் என்ற கியர்ப் பெட்டி எண்ணெய் 7 பைண்ட் ஊற்றுங்கள். அப்படியே விட்டால் ஜனவரியில் அந்த நீர் உறைந்து, வண்டி கியரோடு இறுகி நிற்கும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

பழைய இரும்பு (மறுமொழி):

மின்னேற்றத்தை முதலில் பார்க்கச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷனில் மட்டும் உடன்பாடு இல்லை. குறை எது என்று தெரியாத நேரத்தில் இன்னொரு புதிய பொருளைப் பூட்டினால், நாளை வண்டி நின்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று கூடுதலாகிறது. இந்த எஞ்சினில் பாயிண்ட் ஃபிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கவில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. 0.020 அங்குலம் இடைவெளி வையுங்கள். அதற்கு மேலும் துல்லியம் வேண்டுமானால், பாயிண்டுக்கும் வண்டியின் இரும்புக்கும் குறுக்கே ஒரு சோதனை பல்பை மாட்டிச் சாவியைப் போட்டு, ஃபிளைவீலைக் கையால் சுழற்றுங்கள். பார்வைத் துளையின் நடுவில் 'எஸ்' என்ற குறி வரும்போது பாயிண்ட் திறந்து பல்பு எரியத் தொடங்க வேண்டும்.

மலையடிவாரம் (கேட்டவர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மின்னேற்றத்திலிருந்து தொடங்கினேன். 'எஃப்' முனையை இரும்போடு இணைத்ததும் முள் மறுபக்கம் பாய்ந்தது. ரெகுலேற்றரைக் கழற்றிப் பார்த்தால், அதற்கும் தகட்டுக்கும் நடுவே யாரோ பிற்காலத்தில் தடித்த பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டிப் பூட்டித் துருவத்தையும் நினைவூட்டிய பிறகு அம்மீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறது. ஆனால் வண்டி இருபத்திரண்டாவது நிமிடத்தில் வழக்கம்போல நின்றது. சோக்கை இழுத்தும் மாற்றம் இல்லை, மூடியைத் தளர்த்தியும் மாற்றம் இல்லை. பொறி நீலமாக, நன்றாக வந்தது. ஃபிளைவீலைப் பின்னோக்கிச் சுழற்றினேன். கிணற்று உருளையைச் சுற்றுவதுபோல எங்கும் தடையில்லாமல் சுற்றியது. அரை மணி கழித்து அதையே செய்தபோது கையை வெடுக்கென்று திருப்பித் தள்ளியது.

அடுத்த நாள் தகரக் கூட்டைக் கழற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்து ஃபின்கள் (சூட்டை ஆற்றும் இரும்பு வரிகள்) சுத்தமாகத்தான் இருந்தன. மறுபக்கத்தில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில், காய்ந்த புல்லும் ஓக் மரக் கொட்டைத் தோலும் யாருடைய வீட்டுச் சுவரிலிருந்தோ கடித்து வந்த இளஞ்சிவப்புப் பஞ்சும் சேர்ந்து, அழுத்திச் செய்த செங்கல்போல ஒரே கட்டியாக இருந்தது. எக்சாஸ்ட் பக்கத்தில் அந்தக் கட்டி கருகிக் கிடந்தது. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்ததில் அரை வாளி நிறைந்தது. கொட்டகைக்குத் தீப்பிடிக்காமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

வால்வு மூடியைத் திறந்து இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜை வைத்தேன். எக்சாஸ்டில் 0.010 அங்குலத் தகடு நுழையவில்லை, 0.009 இறுக்கமாகப் போனது. திருகி விரிவாக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் கேட்காமல் ஹெட்டையும் கழற்றினேன். எக்சாஸ்ட் வால்வின் விளிம்பில் கால் வட்டத்துக்குச் சாம்பல் நிறக் கோட்டுக்குப் பதிலாகக் கருந்திட்டு இருந்தது. ஸ்பிரிங் அமுக்கியை வாடகைக்கு எடுத்து வால்வைக் கழற்றி, பசை தடவி உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி, கோடு முழுவட்டமாகத் தெரியும் வரை தேய்த்தேன். பிறகு 0.018 வைத்தேன். புதிய ஹெட் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை 30 அடி-பவுண்டுக்குச் சிறிது சிறிதாக, முறைப்படி மாற்றி மாற்றி இறுக்கினேன்.

சனிக்கிழமை ஒன்றேகால் மணி நேரம் நிற்காமல் புல் வெட்டினேன். நிறுத்தி, உடனே கிளப்பினேன். கிளம்பியது.

இனி டெக் மட்டும்தான் மிச்சம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கத்திகளைக் கையால் சுற்றினால் இரண்டு மென்மையாகவும் மூன்றாவது சொரசொரப்பாகவும் சுற்றுகின்றன. அதன் கிரீஸ் நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் உறுமல் குறையவில்லை. பேரிங்கை மாற்ற வேண்டியதுதானா?

பழைய இரும்பு (மறுமொழி):

ஆம், மாற்ற வேண்டியதுதான். ஒன்று போனால் மற்ற இரண்டும் வரிசையில் நிற்கும் என்பதால் மூன்றுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பேரிங்கின் மேல் உள்ள எண்ணைப் படித்து, பேரிங் விற்கும் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும். டிராக்டரின் பெயரைச் சொன்னால் விலை ஏறும். டெக்கைக் கவிழ்க்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இந்த வண்டிக்கு இருக்கையில் பாதுகாப்பு சுவிட்ச் எதுவும் கிடையாது.

நீங்கள் அடித்த கிரீஸ் எங்கே போனது என்பதற்கும் விடை பேரிங்கில் இருக்கும். இதற்கு முன் மாற்றியவர் இருபுறமும் சீல் வைத்த பேரிங்கைப் போட்டிருந்தால், கிரீஸ் குழாயின் நடுவில் நிறைந்து நிற்குமே தவிர உருளைகளைத் தொடாது. புதியதைப் பூட்டும்போது குழாயின் உட்பக்கம் பார்க்கும் சீலை மட்டும் ஊசி நுனியால் நெம்பி எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கச் சீல் அப்படியே இருக்கட்டும். பூட்டிய பிறகு கிரீஸ் துப்பாக்கியை இரண்டு மூன்று முறை அழுத்தினால் போதும், அதற்கு மேல் அழுத்தினால் அந்த வெளிச் சீல் பிதுங்கிவிடும். தண்ணீரைப் பீய்ச்சி டெக்கைக் கழுவும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அடியில் ஒட்டிய புல்லை மரச் சட்டத்தால் சுரண்டினாலே போதும்.

எக்சாஸ்ட் வால்வு இடைவெளியைப் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள். புதிதாகத் தேய்த்த சீட் படியும்போது 0.001 அல்லது 0.002 அங்குலம் குறைவது வழக்கம்.